களிறும் தோட்டாவும்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பேராக் ஆறு வளைந்து செல்லும் இடத்தில் அமைந்த ஊர் தெலுக் இந்தான். 1982ஆம் ஆண்டு வரை அதற்குத் தெலுக் ஆன்சன் என்பது பெயர். சாய்ந்த கோபுரத்தால் புகழ் பெற்ற அவ்வூருக்குப் பலரும் அறியாத மற்றொரு சிறப்பும் உண்டு. ஒரு காட்டு யானையின் நினைவாக அங்கே ஒரு பலகை நாட்டப்பட்டிருக்கிறது. தன் கூட்டத்தைக் காக்கும் பொருட்டுப் புகைவண்டி ஒன்றின் மீது பாய்ந்து, அதனைத் தடம் புரளச் செய்த காட்டு யானை இவ்விடத்தில் புதைக்கப்பட்டுள்ளது என்றும், அது நிகழ்ந்த நாள் 1894ஆம் ஆண்டு செப்டம்பர் 17 என்றும் அப்பலகை கூறுகின்றது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டு அப்போது ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலமே ஆகியிருந்தது.

புகைவண்டியைத் தடம் புரளச் செய்யும் விலங்கை, தோளில் தாங்கும் ஒரு துப்பாக்கியால் மனிதன் எவ்வாறு நிறுத்தினான்? விரலளவுள்ள ஓர் ஈயக் குண்டு நான்கு டன் எடையுள்ள உடலை எப்படி வீழ்த்துகின்றது? இந்த வினாக்களுக்கு விடை தேடிப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கித் தொழிலாளர் பட்ட பாடு பெரிது. அதன் பயனாகத் தோன்றியவையே பெருவிலங்குத் தோட்டாக்கள். அவற்றின் வரலாறு வெறும் வேட்டைக் கதையன்று. பௌதிக நூலும் இரசாயன நூலும் அதில் உண்டு. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கலாகாது என்று வகுத்த அரசியலும் உண்டு.

இறாத்தல் கணக்கு

பழைய துப்பாக்கிகளின் குழல் அளவை அங்குலத்தால் குறிப்பதில்லை, எண்ணால் குறித்தனர். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சம எடையுள்ள உருண்டைகளாக வார்த்தால், எத்தனை உருண்டைகளில் ஒன்று அக்குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அந்த எண்ணே குழலின் பெயர். பன்னிரண்டு உருண்டைகளில் ஒன்று பொருந்தினால் அது 12ஆம் எண் குழல். இன்றும் தோட்டங்களிலும் கிராமங்களிலும் பறவை வேட்டைத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கே வழங்குகின்றது. ஆகையால் எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 12ஆம் எண் குழலின் விட்டம் 0.729 அங்குலம், 8ஆம் எண் குழல் 0.835 அங்குலம், 4ஆம் எண் குழலோ ஓர் அங்குலத்துக்கும் மேல். 4ஆம் எண் உருண்டை ஒன்றின் எடை கால் இறாத்தல், அதாவது 4 அவுன்ஸ்.

இத்தகைய பெருங்குழல்கள் ஏன் வேண்டியிருந்தன? அக்காலத்தில் இருந்தது கரிமருந்து ஒன்றே. நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் சேர்த்து அரைத்த கலவை அது. அம்மருந்தால் கனத்த குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,500 அடி வேகத்துக்கு மேல் செலுத்துவது கடினம். மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பின்னுதைப்பும் புகையும் கூடுமேயன்றி, வேகம் அதற்கேற்பக் கூடாது. வேகத்தைக் கூட்ட இயலாதபோது எஞ்சிய ஒரே வழி குண்டின் எடையைக் கூட்டுவதுதான். எனவே யானையை நோக்கிச் சென்றவர்கள் சிறு பீரங்கி போன்றவற்றைச் சுமந்து சென்றனர்.

இந்தப் பெருங்குழல்களின் ஆற்றல் முதன்முதலில் விரிவாகச் சோதிக்கப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களில் அங்குச் சென்று நுவரெலியாவில் குடியேறியவர். பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் 1840இல் அவருக்குச் செய்து கொடுத்த துப்பாக்கியின் எடை 21 இறாத்தல். ஒவ்வொரு வேட்டுக்கும் அதில் இட்ட மருந்து 16 டிராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்ஸ். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறிப்பர். 1845இல் அப்புத்தளையில் அவர் மின்னல் தாக்கி இறந்தார். எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட நூலில் மற்றொரு செய்தி காணப்படுகின்றது. 1848க்கு முன் மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், இலங்கையின் வட மாகாணத்தில் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்கிறார் அவர். பயிரை அழிக்கின்றன என்று கருதி, கொல்லப்படும் யானை ஒவ்வொன்றுக்கும் அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்த காலம் அது.

கடலுக்கு இப்பால் நிலைமை வேறாக இருந்தது. சென்னை மாகாண அரசாங்கம் 1873இலேயே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. யானை அங்கே மரம் இழுக்கும், பாரம் சுமக்கும். ஆதலின் உயிருள்ள யானைக்கு மதிப்பு மிகுதி. உயிர்க்கொலை செய்யும் மதயானை என்று அதிகாரிகளால் அறிவிக்கப்பட்டதையே சுடலாம். ஒரே விலங்கு ஒரு கரையில் பரிசுக்குரிய பகையாகவும் மறு கரையில் காக்கத்தக்க செல்வமாகவும் கருதப்பட்டது கவனிக்கத்தக்கது.

எக்ஸ்பிரஸ் என்ற பெயர் வந்த வரலாறு

1856இல் லண்டன் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளரான ஜேம்ஸ் பர்டி ஒரு புதிய ரைபிளைச் செய்தார். குண்டை இலேசாக்கி மருந்தைக் கூட்டினால் அது விரைவாகவும் நேராகவும் செல்லும் என்பது அவர் கண்ட முறை. அந்நாளில் உலகத்திலே மிக விரைவான பொருளாக மக்கள் கண்டது புகைவண்டி. எனவே தம் ரைபிளுக்கு அவர் எக்ஸ்பிரஸ் டிரெயின் என்று பெயரிட்டார். நாளடைவில் டிரெயின் என்ற சொல் மறைந்து எக்ஸ்பிரஸ் என்பது மட்டும் நின்றது. தெலுக் ஆன்சனில் யானையை மோதிய புகைவண்டியே யானைத் துப்பாக்கிக்கும் பெயர் கொடுத்தது என்று சொல்லலாம்.

ஆயினும் அந்தப் பழைய எக்ஸ்பிரஸ் ரைபிள் மானுக்கும் புலிக்கும் ஏற்றதேயன்றி யானைக்கு ஏற்றதன்று. இலேசான குண்டு தடித்த எலும்பைத் துளைக்கவில்லை. வேகமும் வேண்டும், எடையும் வேண்டும் என்றால் கரிமருந்தை விடச் சிறந்த மருந்து வேண்டும். அது 1889இல் கிடைத்தது. ஏபெல், டூவார் என்ற இரு விஞ்ஞானிகள் ஆக்கிய கார்டைட் என்னும் புகையில்லா மருந்தே அது. நைட்ரோ கிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலின் 5 பங்கு சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல் நூல் நூலாகப் பிழிந்தெடுப்பர். கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே கார்டைட் என்ற பெயர் பிறந்தது.

கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் கசடாகவும் மாறி வீணாகிவிடும். கார்டைட் ஏறக்குறைய முழுவதும் வாயுவாக மாறுகின்றது. இதனால் இரண்டு நன்மைகள் உண்டாயின. முதலாவது, சிறிதளவு மருந்து பெருவேகம் தந்தது. இரண்டாவது, புகைத் திரை மறைந்தது. கரிமருந்துக் காலத்தில் சுட்டவன் தன் புகையாலேயே குருடனாவான். காயம்பட்ட யானை விழுந்ததா, தன்னை நோக்கி வருகின்றதா என்பதை அறியப் பக்கவாட்டில் விலகியோ குனிந்தோ பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில் உயிர் இழந்தோர் பலர்.

1898இல் ஜான் ரிக்பி நிறுவனத்தார் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். 480 கிரெயின் எடையுள்ள குண்டு. 70 கிரெயின் கார்டைட். நொடிக்கு 2,150 அடி வேகம். ஓர் இறாத்தலுக்கு 7,000 கிரெயின். ஆகையால் குண்டின் எடை ஓர் அவுன்ஸுக்குச் சற்றே அதிகம். 8ஆம் எண் உருண்டையோ இரண்டு அவுன்ஸ். பாதி எடையுள்ள குண்டு பழைய பெருங்குண்டை விட ஆழமாகத் துளைத்ததற்குக் காரணம் யாது? ஒரே விசையோடு குத்தினாலும் உலக்கை நுனியை விடக் கடப்பாரை முனை ஆழமாக இறங்குவது போன்றது இது. புதுக் குண்டின் முகப்புப் பரப்பு பழைய உருண்டையின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் விழும் தாக்கு இரண்டரை மடங்காயிற்று. கால் நூற்றாண்டுக்குள் 4ஆம் எண், 8ஆம் எண் துப்பாக்கிகள் சுவரில் மாட்டும் பொருள்களாயின.

தோட்டாவின் உறுப்புகள்

தோட்டா என்பது நான்கு உறுப்புகளின் கூட்டு. வெளிக்கூடு பித்தளையாலானது, செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் சேர்ந்தது. வெடிக்கும்போது அது சிறிது விரிந்து குழலின் பின்வாயை இறுக அடைக்கும். வெடித்தபின் மீண்டும் சுருங்கி எளிதாக வெளிவரும். கூட்டின் அடியில் இருப்பது கேப்பு எனப்படும் சிறு மூடி. விசையை இழுத்தவுடன் ஊசி அதனைக் குத்த, அதிலிருந்து எழும் தீப்பொறி மருந்தைப் பற்றவைக்கின்றது. மூன்றாவது மருந்து. நான்காவது குண்டு.

குண்டிலும் இருவகை உண்டு. முனையில் ஈயம் வெளியே தெரியும்படி விட்டது மென்முனைக் குண்டு. தசையில் பட்டவுடன் அது காளானைப் போல் விரிந்து பெரும்புண் உண்டாக்கும். புலி, சிறுத்தை முதலியவற்றுக்கு அது ஏற்றது. முனை முழுவதும் தடித்த உலோகத் தகட்டால் மூடப்பட்டது கடினக் குண்டு. அது விரியாது, வளையாது. எலும்பையும் துளைத்து நேரே செல்லும். யானைக்கு அதுவே வேண்டும். யானையின் மண்டையில் மென்முனைக் குண்டு விரிந்தால், மூளையை எட்டும் முன்பே அதன் வலி ஓய்ந்துவிடும். தோட்டா எவ்வளவு பெரிதாயினும் குண்டின் வகை தவறினால் பயனில்லை என்பது வேட்டை நூலார் அனைவரும் ஒருமுகமாகக் கூறும் விதியாகும்.

குண்டு யானையைத் தள்ளுமா?

பெருங்குண்டு பட்டால் யானை தூக்கி எறியப்பட்டது போல் விழும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை என்பதைக் கணக்கால் காட்டலாம். எடையையும் வேகத்தையும் பெருக்கி வருவதை உந்தம் என்பர். .450 குண்டின் எடை 31 கிராம். வேகம் நொடிக்கு 655 மீட்டர். உந்தம் ஏறத்தாழ 20 அலகு. 4,000 கிலோ எடையுள்ள களிறு நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால் அதன் உந்தம் 28,000 அலகு. அஃதாவது, குண்டினதைப் போல் 1,300 மடங்குக்கு மேல். அத்தகைய உடலை அக்குண்டு தள்ளி நிறுத்துவதென்பது, ஓடும் எருமையை எலுமிச்சம்பழத்தால் எறிந்து நிறுத்துவது போன்றதாகும்.

மேலும் எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதி. குண்டு யானையைத் தூக்கி எறியும் வன்மை பெற்றிருந்தால், சுட்டவனையும் அவ்வாறே தூக்கி எறிந்திருக்கும். .450 இரட்டைக்குழல் ரைபிளின் எடை ஏறத்தாழ 11 இறாத்தல். அவ்வளவு கனமாகச் செய்வது தோளைக் காக்கவே. அப்படியிருந்தும் அதன் பின்னுதைப்பு, போர்வீரன் கையாண்ட .303 துப்பாக்கியின் உதைப்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. 900 கிரெயின் குண்டு எறியும் .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் துப்பாக்கியோ 16 இறாத்தல் வரை கனத்தது.

எனவே யானை விழுவது குண்டு தள்ளுவதால் அன்று. மூளை, முதுகுத்தண்டு நரம்பு, இதயம் ஆகிய மூன்றில் ஒன்றைக் குண்டு எட்டுவதால்தான் அது வீழ்கின்றது. இதயத்தில் பட்ட யானையும் சிறிது தொலைவு ஓடிய பின்னரே விழும். நின்ற இடத்திலேயே விழச் செய்வது மூளையிலோ முதுகுத்தண்டு நரம்பிலோ படும் குண்டே. ஆனால் அம்மூளை எளிதில் எட்டக்கூடியதன்று. யானையின் பெருந்தலை முழுவதும் மூளையன்று. தேன்கூடு போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பே பெரும்பகுதி. சுமார் 5 கிலோ எடையுள்ள மூளை பின்புறத்தில் தாழ்வாக அமைந்திருக்கின்றது. தலையை உயர்த்தினால் ஓரிடம், தாழ்த்தினால் வேறிடம் என்று குறி மாறிக்கொண்டேயிருக்கும்.

இவ்விடத்தில் ஒரு பெரும் வாதம் எழுந்தது. ஸ்காட்லாந்து நாட்டவரான பெல் என்பவர் (1880–1954) ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அவற்றுள் பெரும்பாலானவற்றை .275 என்னும் மிகச் சிறிய தோட்டாவால், 173 கிரெயின் கடினக் குண்டு கொண்டே வீழ்த்தினார். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிந்து வைத்திருந்தார் அவர். குழலின் அளவு பெரிதன்று, குறியே பெரிது என்பது அவர் கொள்கை.

ஜான் டெய்லர் என்பவர் இதை மறுத்தார். 1948இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு கணக்கு வகுத்தார். குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை அடியிலும், விட்டத்தை அங்குலத்திலும் கொண்டு மூன்றையும் பெருக்கி 7,000ஆல் வகுக்க வேண்டும். .275க்கு ஏறத்தாழ 16, .375க்கு 40, .450க்கு 67, .600க்கு 155 என்று எண்கள் கிடைக்கும். குண்டு மூளையைத் தொடாமல் அருகே சென்றாலும், அதன் அதிர்ச்சியால் யானை எவ்வளவு நேரம் மயங்கிக் கிடக்கும் என்பதை இவ்வெண் குறிக்கும் என்றார் அவர். இது பௌதிக நூல் ஒப்பிய அளவன்று. ஓர் அனுபவக் கணக்கே. ஆயினும் வாதத்தின் உட்பொருளை அது தெளிவாக்குகின்றது. அமைதியாக நிற்கும் யானையைத் தான் விரும்பிய கோணத்திலிருந்து சுடுபவனுக்குச் சிறு தோட்டாவும் போதும். தன்மீது பாய்ந்து வரும் யானையைச் சுடுபவனுக்குக் குறி தவறும். அப்போது அவனுக்கு வேண்டியது அந்த மயக்கம் தரும் சில கணங்களே. பெல் வேட்டைக்காரனின் கணக்கைச் சொன்னார். டெய்லர் உயிர் தப்ப வேண்டியவனின் கணக்கைச் சொன்னார்.

இரண்டு குழலா, ஐந்து தோட்டாவா?

2003இல் தாய்லாந்தில் ஆசிய யானைகளின் ஓட்டத்தை விஞ்ஞானிகள் அளந்தனர். மிக விரைந்தவை மணிக்கு 25 கிலோமீட்டர் சென்றன. அவ்வேகத்தில் 20 மீட்டர் தொலைவைக் கடக்க மூன்று நொடிகள் போதும். மலேயாக் காட்டில் மூங்கிலும் பிரம்பும் மண்டிய இடங்களில் 20 மீட்டருக்கு அப்பால் யானை தெரிவதே அரிது. அந்த மூன்று நொடிக்குள் இரண்டு வேட்டுகள் வேண்டும். இரட்டைக்குழல் ரைபிள் தோன்றியது இதற்காகவே. இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு ஊசி. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். ஆனால் இரு குழல்களையும் ஒரே இடத்தில் குண்டு விழுமாறு பொருத்துவது தேர்ந்த தொழிலாளி பல நாள் உழைக்கும் வேலை. ஆதலின் அதன் விலை செல்வர்க்கே எட்டியது.

தாழ்ப்பாள் போன்ற போல்ட்டை முன்னும் பின்னும் இழுத்து இயக்கும் ஒற்றைக்குழல் ரைபிள் மலிவானது. அதனுள் நான்கைந்து தோட்டாக்கள் அடங்கும். அதற்கென்றே பிறந்தவை 1911இல் வந்த .416 ரிக்பி, 1912இல் வந்த .375 ஹாலண்டு ஹாலண்டு மேக்னம் ஆகியவை. 300 கிரெயின் குண்டை 2,500 அடி வேகத்தில் எறியும் .375 இன்றும் உலகெங்கும் செய்யப்படுகின்றது.

வெப்ப நாடுகளுக்கு மற்றொரு தொல்லையும் இருந்தது. கார்டைட் சூடேறினால் அதன் அழுத்தம் மிகும். இங்கிலாந்தின் குளிரில் இசைவாக வேலை செய்த தோட்டா, சேலத்து வெயிலில் காய்ந்தால் கூடு விரிந்து குழலில் ஒட்டிக்கொள்ளும். பாயும் யானையின் முன் அது மரணத்துக்கு ஒப்பு. எனவே பெருந்தோட்டாக்களின் கூட்டை வேண்டுமென்றே நீளமாகவும் அகலமாகவும் செய்து, மருந்துக்கு இடம் விட்டு, அழுத்தத்தைத் தாழ்வாக வைத்தனர். .450 கூட்டின் நீளம் மூன்றே கால் அங்குலம் இருப்பதன் இரகசியம் இதுவே. ஈரத்தாலும் கேடு உண்டு. பழைய கேப்புகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் உப்பாகிக் குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலை ஒரே இரவில் துருப்பிடிக்கச் செய்யும். எண்ணெயால் மட்டும் அது போகாது. வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

இந்தப் பாடத்தை மறந்ததன் விளைவு 1956இல் தெரிந்தது. அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் .458 என்னும் தோட்டாவை வெளியிட்டது. இரண்டரை அங்குலக் கூட்டில் .450இன் வன்மையை அடக்குவது நோக்கம். மருந்தை இறுக்கித் திணிக்க வேண்டியதாயிற்று. நாள்பட்ட தோட்டாக்களில் மருந்து கட்டிபட்டுச் சரியாக எரியாமல் வேகம் குறைந்தது. பின்னர் மருந்து வகையை மாற்றிக் குறையைத் தீர்த்தனர்.

சட்டம் பெற்ற பிள்ளைகள்

பெருந்தோட்டாக்களின் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு உண்டாகும். .450க்கு அடுத்து .465, .470, .475, .476 என்று நூலிழை வேறுபாட்டில் பல தோட்டாக்கள் வரிசையாக நிற்கின்றன. யானைக்கு இவ்வேறுபாடு தெரியுமா? தெரியாது. இவற்றைப் பெற்றது விஞ்ஞானமன்று, சட்டம்.

பிரிட்டிஷ் படைகள் பழைய நாளில் கையாண்ட மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியின் குழல் அளவும் .450. அத்துப்பாக்கிகள் பல இந்திய எல்லைப் புறத்து மக்களிடம் சென்று சேர்ந்திருந்தன. வேட்டைக்காரரின் .450 குண்டுகள் அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சிய அரசாங்கம், 1907ஆம் ஆண்டளவில் அவ்வளவுள்ள ரைபிள்களையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்கும் சூடானுக்கும் கொண்டுவரத் தடை விதித்தது. துப்பாக்கி நிறுவனங்களின் பெரிய சந்தை இந்தியா. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் .450இன் வன்மையை இழக்காமல், அதன் குழலில் நுழையாத அளவில், தனக்கென ஒரு தோட்டா செய்தது. ஹாலண்டு நிறுவனத்தார் .465; வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476, ஜோசப் லாங் ஆக்கிய.470ஐப் பலரும் ஏற்றனர். அது இன்றும் வழக்கில் இருக்கின்றது.

இதற்கு முன்பே, 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் உரிமச் சீட்டின்றி ஆயுதம் வைத்திருக்கலாகாது. ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு இருந்தது. வயலை யானை மிதித்த குடியானவன் கையில் தீவட்டியும் தாரை தப்பட்டையும். அவ்வயலைக் காணாத துரை கையில்.470. கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரி, நீலகிரிப் பகுதிகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தம் .405 வின்செஸ்டர் ரைபிளால் சுட்ட வரலாறுகளை விரும்பிப் படிப்போர், அக்கிராமத்தார் அவரை ஏன் எதிர்பார்த்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

மலேயாவில்

மலேயாக் காட்டில் யானையினும் அஞ்சத்தக்கது செலாடாங் என்னும் காட்டெருது என்பர். யானைக்கேனும் கண் பார்வை மங்கல். செலாடாங்குக்குக் கண், காது, மூக்கு மூன்றும் கூர்மை. காயம்பட்டால் புதரில் மறைந்து நின்று தேடி வருபவன் மீது பாயும். மலாய் ஐக்கிய மாநிலங்களின் போலீஸ் கமிஷனரான சையர்ஸ் 1897இல் பகாங்கில் செலாடாங் ஒன்றினால் தாக்கப்பட்டு உயிர் நீத்தார். அதன் தோளும் மார்பும் தடித்த தசையாலானவை. கனத்த குண்டே உட்புகும்.

பால்மரத் தோட்டங்கள் காட்டைத் தின்று பரந்தபோது யானைக்கும் தோட்டத்துக்கும் பூசல் முற்றியது. இளங்கன்றுகளை யானை பிடுங்கும், வாழையை அழிக்கும். பொழுது புலருமுன் வெட்டுக்குச் செல்லும் தமிழ்த் தொழிலாளிக்குக் கையில் இருந்தது பால்வெட்டுக் கத்தி ஒன்றே. காட்டோரத்து லயங்களில் தகரம் தட்டி இரவைக் கழித்தவர் அவர்; துப்பாக்கி துரையின் பங்களாவில் இருந்தது. வேட்டை நூல்களில் பெயர் வராத இம்மக்களே அபாயத்தின் முன்வரிசையில் நின்றவர்கள்.

மலேயாவின் பெருவேட்டைக்காரருள் தலையாயவர் தியோடர் ஹப்பக். கோலாலம்பூர் இரயில் நிலையத்தை வரைந்த சிற்பியின் உடன்பிறந்தவர் அவர். 1905இல் யானை, செலாடாங் வேட்டை பற்றி நூல் எழுதினார். காலம் செல்லச் செல்ல, விலங்குகள் அருகி வருவதைக் கண்டு மனம் மாறி அவற்றின் காவலரானார். 1930இல் அமைந்த வனவிலங்கு விசாரணைக் குழுவின் பொறுப்பை ஏற்று, 1932இல் மூன்று தொகுதிகளில் அறிக்கை அளித்தார். இன்று தாமான் நெகாரா என வழங்கும் தேசியப் பூங்கா 1930களின் இறுதியில் உருவானது அவர் விடாமுயற்சியின் பயன். 1942இல், ஜப்பானியர் படையெடுப்பின் போது, அவர் மறைந்தார்.

தோட்டாவின் இடத்தில் ஊசி

1960களில் கைனாக் தொழிற்சாலை பெருந்தோட்டாக்கள் செய்வதைக் கைவிட்டது. குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றன, வாங்குவோர் குறைந்தனர். 1990களில் அப்பெயரிலேயே சிறு அளவில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் உரிமத்தோடு கூடிய வேட்டைக்கும், காட்டு வழிகாட்டிகளின் தற்காப்புக்கும் அவை இன்று பயன்படுகின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானை, புலி, செலாடாங் மூன்றும் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. காண்டாமிருகத்துக்குச் சட்டம் காலம் கடந்தே உதவியது. நாட்டில் எஞ்சிய கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

ஆனால் பூசல் தீர்ந்துவிடவில்லை. இன்று கீழ்ப் பேராக்கில் யானை இல்லை. மேல் பேராக்கின் பெலும் தெமெங்கோர் காடுகளில் உண்டு. அக்காடுகளை ஊடறுத்துச் செல்கின்றது கெரிக் நெடுஞ்சாலை. 2025 மே 11ஆம் நாள் அச்சாலையில் யானைக் கன்று ஒன்று லாரியில் அடிபட்டு இறந்தது. தாய் யானை தலையை லாரியில் முட்டியவாறு அவ்விடம் விட்டு அகலாது நின்றது. அதனை அகற்ற வனவிலங்குத் துறையினர் மயக்க மருந்தையே கையாண்டனர்.

அத்துறையினர் 1974 முதல் தோட்டங்களில் புகும் யானைகளை மயக்கிப் பிடித்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டு வருகின்றனர். மயக்க ஊசித் துப்பாக்கியின் கணக்கு, தோட்டாவின் கணக்குக்கு நேர் எதிரானது. வேகம் மிகுந்தால் ஊசி தசையைக் கிழிக்கும்; ஆகவே வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். மருந்து மிகுந்தால் மூச்சு நிற்கும். குறைந்தால் யானை மயங்காது. எடையைக் கண்ணால் மதிப்பிட்டு அளவு காண்பதே அங்குத் தேர்ச்சி. ஊசி பட்ட யானை உடனே விழாது. பல நிமிடம் நடமாடும். அந்நேரம் முழுவதும் அதன் அருகே நிற்கும் பணியாளர் ஏற்கும் அபாயம், பழைய வேட்டைக்காரர் ஏற்றதினும் சிறிதன்று. வேட்டைக்காரருக்கு மூன்று நொடி போதும். இவர்களுக்கோ யானை தானாகப் படுக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.